வெல்லத்தை வெள்ளம் கொண்டுபோன கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் முழுசாகப் படியுங்கள். இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். அதில் உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

போன வாரம் இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். ஃபைல் பெயரில் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாக நினைக்கிற கம்ப்யூட்டர் என்னுடைய பல வருஷ உழைப்பில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது என்று. அதற்கு என் பழைய மாணவர் ஒருவர், இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருப்பவர், இப்படிப் பதில் போட்டார்: "சார், ஒரே பேருக்கு ரெண்டு ஸ்பெல்லிங் வச்சா கம்ப்யூட்டர் என்ன சார் செய்யும்? சாதாரண ஜனங்களுக்கு கேப்பிட்டல், ஸ்மால் ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கிறதுதான் நல்ல டிசைன்." அதற்கு முப்பது லைக் வேறு.

தம்பி, உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். உன் விடையில் எங்கே தப்பு என்று வரிவரியாகக் காட்டுவது என் கடமை. கோபித்துக்கொள்ளாதே.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு பழக்கம். பெரியவர்கள் பேசும்போது காதில் விழுகிற சொல்லை நோட்டில் குறித்துக்கொள்வேன். இடைசெவலில் பிறந்த கி.ரா. 1982-லேயே கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதி போட்டுவிட்டார். அவர் கால் தூசிக்கு நான் வரமாட்டேன். ஆனால் அவர் விட்டுப்போனது ஒன்றிரண்டு என் காதில் விழாதா என்ற ஆசை. உழவுக்காரர், கரிமூட்டம் போடுகிறவர், தீப்பெட்டி ஒட்டுகிறவர், மிட்டாய்ப் பட்டறையில் பாகு காய்ச்சுகிறவர் என்று யாரிடம் உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் நிறையும்.

2009-ல் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு ஃபைல். வேர்டு எல்லாம் இல்லை, சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர்தான். உள்ளே தமிழில் அடித்துவிடுவேன். ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் அந்தக் காலத்தில் வேறொரு கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். ஜிப் செய்து அனுப்பினால் கேட்கவே வேண்டாம். அதனால் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்தேன்.

ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லை எழுதும்போது ல, ள இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அஞ்சல் விசைப்பலகையில் தட்டுகிறவர்களுக்குத் தெரியும். சின்ன 'எல்' அடித்தால் ல. பெரிய 'எல்' அடித்தால் ள. சின்ன 'ஆர்' ர, பெரிய 'ஆர்' ற. சின்ன 'என்' ன, பெரிய 'என்' ண. என் விரலுக்குப் பழகிய முறை அது. அதையே பெயருக்கும் வைத்தேன். வெல்லத்துக்கு நடுவில் இரண்டு சின்ன எல். வெள்ளத்துக்கு நடுவில் இரண்டு பெரிய எல். என் லேப்டாப்பில் இருந்தது லினக்ஸ். அது இரண்டையும் இரண்டாகவே வைத்துக்கொண்டது. பதினைந்து வருஷம் ஒரு குறையும் இல்லை.

2024 ஜனவரியில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்தேன். அதில் ஏற்கெனவே பழைய காப்பி ஒன்று இருந்தது. நடுவில் ஒரு பெட்டி வந்து கேட்டது: இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றிவிடவா? பழைய காப்பியைத்தான் சொல்கிறது என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மாற்று என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு இடி. லேப்டாப்பின் டிஸ்க் போய்விட்டது. சரி, பென்டிரைவ் இருக்கிறதே என்று திறந்தேன். 640 ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் 603. சொற்பட்டியலை மட்டும் ஒரு தடவை பிரிண்ட் எடுத்து வைத்திருந்ததால் ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பார்த்தேன். போன 37-ம் இரட்டையில் ஒன்று. கரி, கறி இரண்டில் ஒன்று. பனி, பணி இரண்டில் ஒன்று. கொல்லை, கொள்ளை இரண்டில் ஒன்று. பல்லி, பள்ளி இரண்டில் ஒன்று. சிலவற்றில் பெயர் ஒன்றாகவும் உள்ளே இருப்பது இன்னொன்றாகவும் இருந்தது.

வெல்லம் என்ற ஃபைலைத் திறந்தால் உள்ளே வெள்ளம். 1992 தாமிரபரணி வெள்ளத்தைப் பற்றியும் 2023 டிசம்பர் மழையைப் பற்றியும் பெரியவர்கள் சொன்னது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் அதற்கு அடியில் போனது என்ன தெரியுமா?

மிட்டாய்ப் பட்டறையில் நாற்பது வருஷம் பாகு காய்ச்சிய ஒரு பெரியவர். எனக்கு மூன்று நாள் உட்கார்ந்து சொன்னார். "வாத்தியாரய்யா, பாகு பேசும். காது குடுத்துக் கேளுங்க" என்பார். பாகு கொதிக்கிற சத்தத்தை வைத்துப் பதத்துக்கு ஏழு பெயர் சொன்னார். கம்பிப் பதம், உருட்டுப் பதம் இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தது. மற்ற ஐந்து அவர் வாயில் மட்டும் நான் கேட்டது. 2019-ல் அவர் போய்விட்டார். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த ஐந்து பெயரும் இன்றைக்கு எங்கேயும் இல்லை. நோட்டு? டைப் செய்துவிட்டோமே என்று பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டது நான்தான். அந்தப் பாவம் என்னுடையது. அதை யார் தலையிலும் கட்டமாட்டேன்.

இப்போது வழக்குக்கு வருவோம்.

ஃபைல் பெயரைக் காப்பாற்றி வைக்கிற முறையில் இரண்டு குணம் உண்டு. ஒன்று, நாம் எழுதிய மாதிரியே வைத்துக்கொள்வது. இரண்டு, தேடும்போது எழுதிய மாதிரியே ஒப்பிடுவது. லினக்ஸில் வழக்கமாக இரண்டும் உண்டு. பென்டிரைவுகளில் இருக்கிற ஃபேட் முறையிலும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையை விண்டோஸ் கையாளும் விதத்திலும், மேக்கில் வழக்கமாகப் போட்டு வருகிற ஏபிஎஃப்எஸ் முறையிலும் முதல் குணம் உண்டு, இரண்டாவது இல்லை. அதாவது நீ பெரிய எழுத்து போட்டால் பெரிய எழுத்தாகவே காட்டும். ஆனால் அதே பெயரில் சின்ன எழுத்தோடு இன்னொன்று வந்தால், 'இவர்தான் அவர்' என்று சொல்லிவிடும். காட்டும்போது வேறு, கணக்கில் ஒன்று. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் ஆளை ஏமாற்றுவது. கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதால் உள்ளேயும் வித்தியாசம் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

வகுப்பில் இரண்டு மாரியப்பன் இருப்பார்கள். இனிஷியல் வேறு. வருகைப் பதிவேட்டில் இரண்டு பெயரையும் அழகாக எழுதிவிட்டு, டிசி கொடுக்கும்போது 'மாரியப்பன்தானே' என்று ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் இது.

இது எங்கிருந்து வந்தது? யாரோ உட்கார்ந்து சாதாரண ஜனங்களுக்காக யோசித்து வைத்த டிசைன் இல்லை தம்பி. பழைய டெலிடைப் எந்திரங்கள் பலவற்றில் சின்ன எழுத்தே கிடையாது. 1970-களில் வந்த சிபி/எம், அதன் சாயலில் 1981-ல் வந்த எம்எஸ்-டாஸ் இவற்றில் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில்தான், அதுவும் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது நீளப் பெயர் வந்தது, சின்ன எழுத்தும் வந்தது. ஆனால் பழைய புரோகிராம் எல்லாம் ஓட வேண்டுமே. அதனால் காட்டுவதை மட்டும் மாற்றிவிட்டு, ஒப்பிடுவதைப் பழையபடி விட்டார்கள். மாட்டு வண்டிக்குப் போட்ட பாதையில் பஸ் விட்ட கதை. பாதை ஏன் வளைந்து போகிறது என்று கேட்டால், பயணிகளின் வசதிக்காக என்று இப்போது விளக்கம் சொல்கிறார்கள்.

'சாதாரண ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்' என்கிறாயே, எந்த ஜனங்களுக்கு? ஆங்கிலம் எழுதுகிறவனுக்கு வாக்கியத்தின் முதல் எழுத்து பெரிதாக வந்தாலும் சொல் மாறாது, சரி. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்பதே கிடையாது. நமக்கு ஷிப்ட் கீ என்பது அலங்காரம் இல்லை. அது வேறு எழுத்து. கோவில்பட்டியில் டிடிபி வேலை பார்க்கிற எந்தப் பையனையும் கேட்டுப் பார். பாமினி எழுத்துருவில் சின்ன 'ஜி' அடித்தால் ப, ஷிப்டோடு அடித்தால் பு. பல் என்று அடிக்கிற விரல் ஷிப்டைத் தொட்டுவிட்டால் புல். பல்லும் புல்லும் ஒன்று என்று சொல்கிற எந்திரம் சாதாரண ஜனங்களுக்கு ஏற்ற எந்திரமா? ஆங்கிலம் தெரிந்த குமாஸ்தாவுக்கு ஏற்ற எந்திரம் என்று சொல், ஒப்புக்கொள்கிறேன்.

நம்மை விடு. துருக்கிக்காரர்களுக்குப் புள்ளி வைத்த 'ஐ' ஒரு எழுத்து, புள்ளி இல்லாத 'ஐ' இன்னொரு எழுத்து. புள்ளி வைத்ததன் பெரிய எழுத்திலும் புள்ளி இருக்கும். ஆங்கிலக் கணக்குப்படி சின்னதைப் பெரிதாக்கினால் அவர்கள் சொல் கெட்டுவிடும். ஆக, எது பெரிய எழுத்து, எது அதன் சின்ன எழுத்து என்பதே ஊருக்கு ஊர் மாறுகிறது. அதனால்தான் என்டிஎஃப்எஸ் முறையில், டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதே எதற்கு எது பெரிய எழுத்து என்று ஒரு அட்டவணையை அந்த டிஸ்க்குக்குள்ளேயே எழுதி வைக்கிறார்கள். ஒரு பெயர் இன்னொரு பெயருக்குச் சமமா என்பது அட்டவணையைப் பார்த்துச் சொல்கிற தீர்ப்பு. அந்த அட்டவணையை எழுதியவனுக்கு என் வெல்லமும் வெள்ளமும் தெரியாது.

'நீங்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெயர் வைத்தீர்கள்' என்பது அடுத்த வாதம். நான் தனி ஆளா? லினக்ஸின் மூல நிரலுக்கு உள்ளேயே இப்படி இரட்டைகள் உண்டு. நெட்வொர்க் பகுதியில் 'மார்க்' என்று சின்ன எழுத்தில் ஒரு ஃபைல், அதே பெயர் பெரிய எழுத்தில் இன்னொரு ஃபைல். சின்ன எழுத்து என்றால் 'பொருந்துகிறதா பார்', பெரிய எழுத்து என்றால் 'இதைச் செய்'. பொருளோடுதான் வைத்திருக்கிறார்கள். வழக்கமான மேக் டிஸ்க்கில் அந்த நிரலை இறக்கினால் இரண்டில் ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடும். என் பென்டிரைவுக்கு நடந்தது உலகத்தின் பெரிய மென்பொருள் ஒன்றுக்கே நடக்கிறது. 2025 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த எழுத்து மயக்கத்தைக் கடுமையாகவே சாடினார். அவருக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சொன்ன விஷயம் சரி.

இது வெறும் வசதிப் பிரச்சினையும் இல்லை. 2014 டிசம்பரில் கிட் என்ற மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. கிட் தன் அமைப்புகளை வைத்திருக்கிற ஃபோல்டரின் பெயரையே எழுத்தளவு மாற்றி ஒரு விஷமி அனுப்பினால், கிட் அதை 'வேறு பெயர்' என்று உள்ளே விடும். விண்டோஸும் மேக்கும் 'அதே பெயர்' என்று பழையதன்மேல் எழுதிவிடும். பிறகு அந்த விஷமி வைத்த கட்டளை நம் கம்ப்யூட்டரில் ஓடும். வாசலில் இருப்பவர் ஒரு கணக்கும் வீட்டுக்குள் இருப்பவர் ஒரு கணக்கும் வைத்திருந்தால் திருடனுக்கு அதுவே சாவி.

இனி டெக்ஸ்ட் எடிட்டருக்கு வருகிறேன். என் பெரிய கோபம் அதன்மேல்தான். டிஸ்க் முறை ஏதோ பழைய காரணத்துக்காக அப்படி இருக்கிறது, போகட்டும். எழுதுகிறவன் கண்முன்னால் இருப்பது எடிட்டர். உண்மையைச் சொல்ல வேண்டியது அதுதான். பல எடிட்டர்கள் என்ன செய்கின்றன? டிஸ்க்கில் வெள்ளம் இருக்கிறது. நான் வெல்லம் என்று பெயரைத் தட்டித் திறக்கிறேன். 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லாமல் வெள்ளத்தைத் திறக்கும். திறந்துவிட்டு மேலே தலைப்பில் நான் தட்டிய வெல்லம் என்ற பெயரையே காட்டும். சில எடிட்டர்களில் ஒரே ஃபைலை இரண்டு பெயரில் இரண்டு தாவலில் திறந்து, ஒன்றில் திருத்தியதை இன்னொன்றில் சேமித்து அழிக்கலாம். பெயரில் ஒரு எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று 'சேவ் அஸ்' கொடுத்தால், 'இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா' என்று கேட்கும். சரி என்று சொன்னாலும் பல நேரம் பழைய பெயரே இருக்கும். சில எடிட்டர்கள் புதிதாக எழுதிப் பெயர் மாற்றி வைக்கும், அப்போது கேட்காமலே பெயர் மாறிவிடும். எந்த எடிட்டர் எதைச் செய்யும் என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்காதே. விம் என்கிற பழைய எடிட்டரின் விண்டோஸ் பதிப்பில், டிஸ்க்கில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து அதையே எடுத்துக்கொள்வதற்கென்று ஒரு சிறிய பகுதி உண்டு. முடிந்திருக்கிறது. மற்றவர்கள் செய்யவில்லை.

போன வருஷம் இன்னொரு பழைய மாணவர் வந்தார். சொந்தக்காரர் மிட்டாய்க் கடைக்கு வெப்சைட் செய்திருந்தார். "சார், வீட்ல எல்லா போட்டோவும் தெரியுது. நெட்ல போட்டா ஒண்ணுமே தெரியல." பார்த்தால், கேமரா கொடுத்த போட்டோ பெயரின் கடைசி மூன்று எழுத்து பெரியது. அவர் பக்கத்தில் எழுதியது சின்னது. வீட்டு விண்டோஸ் 'பரவாயில்லை' என்று விட்டுவிட்டது. லினக்ஸ் சர்வர் விடவில்லை. பெயரைத் திருத்தி கிட்டில் ஏற்றினார், அப்போதும் தெரியவில்லை. ஏனென்றால் இப்படிப்பட்ட டிஸ்க்கில் எழுத்தளவு மாறியதை கிட் வழக்கமாகக் கண்டுகொள்ளாது. அதன் சொந்தக் கட்டளையால் பெயர் மாற்றினால்தான் பதிவாகும். அவர் மூன்று நாள் தூக்கம் கெட்டார். மன்னித்து விடுகிற எந்திரம் நல்லது செய்வதுபோல இருக்கும். தப்பை வீட்டில் மறைத்து வைத்து ஊருக்கு நடுவில் வெளியே விடும். இப்படிப் பிள்ளை வளர்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நாமும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். இரண்டிலும் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு என்று பாடம் நடத்துகிறோம், மார்க்கும் குறைக்கிறோம். அந்த நிரலை எழுதிச் சேமிக்கிற ஃபைலின் பெயருக்கு வேறு சட்டம் என்று ஒரு வரி சொல்வதில்லை. 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் எல்காட் வழியாக வந்த லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. ஒரே பெட்டிக்குள் இரண்டு சட்டம். லினக்ஸ் வழியாகப் போய் அதே டிஸ்க்கில் வெல்லம், வெள்ளம் இரண்டையும் வைக்க முடியும். திரும்ப விண்டோஸில் வந்தால் பட்டியலில் இரண்டும் தெரியும். எதைத் தொட்டாலும் வழக்கமாக ஒன்றே திறக்கும். இதைவிட நல்ல செய்முறைப் பாடம் வேண்டுமா? நாங்கள் அதை நடத்தவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது எனக்கு எதிரான நல்ல வாதம் ஒன்றை நானே சொல்கிறேன். 'இப்போதுதான் யூனிகோடு வந்துவிட்டதே, தமிழிலேயே பெயர் வையுங்களேன்.' சரி. இப்போது அப்படித்தான் வைக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் வைக்க வேண்டும். ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது, அது நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

கோவில்பட்டி என்பதில் முதல் எழுத்து கோ. இரட்டைக்கொம்பு, க, துணைக்கால். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஆனால் சாதாரணமாக லினக்ஸ் அந்த எண்களை மட்டும் பார்க்கும். அதனால் ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கோவில்பட்டி' இருக்க முடியும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. இந்த இடத்தில் மேக் செய்வது சரி. அது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் செய்வது தப்பு. நான் லினக்ஸ் கட்சி என்று நினைத்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆக நான் கேட்பது ஒரே நியாயம்தான். மனிதன் கண்ணுக்கு வேறாகத் தெரிவதைக் கேட்காமல் ஒன்றாக்காதே. மனிதன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை வேறாக வைத்து அவனை ஏமாற்றாதே. முதலாவதை மீறுகிறவர்கள் என் வெல்லத்தைக் கொண்டுபோனார்கள். இரண்டாவதை மீறுகிறவர்கள் நாளைக்கு எவனோ ஒருவனின் கோவில்பட்டியைக் கொண்டுபோவார்கள்.

தேடும்போது தாராளமாக இரு, வேண்டாம் என்று சொல்லவில்லை. வெல்லம் என்று தேடினால், 'வெல்லம் இல்லை, வெள்ளம் இருக்கிறது, அதுவா?' என்று கேள். நல்ல நூலகர் அப்படித்தான் கேட்பார். அழிக்கும்போதும் மேலே எழுதும்போதும் மட்டும் தாராளம் கூடாது. தேடுவதில் தப்பினால் ஒரு நிமிஷம் போகும். அழிப்பதில் தப்பினால் ஒரு மனுஷன் சொன்னது போகும்.

பெரிய மாற்றமும் தேவையில்லை. விண்டோஸ் 10-ல் 2018 முதல் ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 'எழுத்தளவைப் பார்' என்று சொல்லி வைக்க முடிகிறது. லினக்ஸில் 2019 முதல் ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 'எழுத்தளவைப் பார்க்காதே' என்று சொல்ல முடிகிறது. இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். இதெல்லாம் எங்கேயோ கட்டளை வரியில் ஒளிந்துகிடக்கிறது. அந்தப் பெட்டியில் 'இதே பெயரில்' என்று சொல்வதற்குப் பதில், 'உள்ளே இருப்பது இந்தப் பெயர், வருவது இந்தப் பெயர், எழுத்து வேறாக இருக்கிறது' என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் நான் டீ குடிக்கப் போயிருக்கமாட்டேன். அவ்வளவுதான் என் வழக்கு.

தம்பி, நீ மென்பொருள் எழுதுகிற இடத்தில் இருக்கிறாய். அந்த ஒரு வரியை எழுதுகிற கை உன்னுடையதாக இருக்கலாம். 'ஜனங்களுக்கு ஒன்றுதான்' என்று எழுதுவதற்கு முன்னால் உன் வாத்தியாரை நினைத்துக்கொள்.

ஊரில் என்னைப்போல எதையாவது சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மூன்று வார்த்தை. பெயரைத் தமிழிலேயே வையுங்கள். ஆங்கில எழுத்தில்தான் வைத்தாக வேண்டும் என்றால், ஷிப்டை நம்பாமல் எல்லாம் சின்ன எழுத்தில், வேறு சொல்லுக்கு முன்னால் வேறு எண் போட்டு வையுங்கள். காப்பி எடுத்தபிறகு இரண்டு பக்கமும் எத்தனை ஃபைல் என்று எண்ணிப் பாருங்கள். முப்பது வருஷம் கணக்கு நடத்தியவன் அதை மட்டும் செய்யவில்லை. நோட்டை எடைக்குப் போடாதீர்கள்.

கடைசியாக அந்த உதவி. கோவில்பட்டியிலோ சுற்று வட்டாரத்திலோ கடலை மிட்டாய்ப் பட்டறையில் பாகு காய்ச்சிய பெரியவர்கள் உங்கள் வீட்டில், தெருவில் யாராவது இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். கம்பிப் பதம், உருட்டுப் பதம் தவிர்த்துப் பாகின் சத்தத்தை வைத்து அவர்கள் சொல்கிற பெயர்கள் என்னென்ன? கேட்டதைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். ல, ள பார்த்து எழுதுங்கள்.